ஏலக் கூடத்துச் செயலிக்கு எந்தப் பதிவேடு?

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. இரண்டு, மூன்று மணிக்கே விளக்கு வெளிச்சத்தில் கூடைகள் இறங்கி, ஏலக் குரல் எழும்பிவிடும். எங்கள் செயலிக்கும் நாள் அப்போதே பிறக்கிறது. ராயபுரத்தில் மூன்று பேராக ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். மீன் கமிஷன் வியாபாரிகளுக்கான ஆண்ட்ராய்டு கணக்குச் செயலிதான் எங்கள் பிழைப்பு. எந்தப் படகின் மீன், என்ன ரகம், எத்தனை கூடை, எடுத்தவர் யார், பாக்கி எவ்வளவு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலை ஒரு வியாபாரி அழைத்தார். "தம்பி, 18 கூடை சங்கரா என்று என் கண் முன்னால் போட்டது. இப்போது 13 என்று காட்டுகிறதே, யார் மாற்றியது?" கணக்குப்பிள்ளை தான் தொடவே இல்லை என்கிறார். வியாபாரியின் மகன் சத்தியம் செய்கிறான். எங்கள் தரவுத்தளத்தைத் திறந்தால் 13 மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்பு அங்கே என்ன எண் இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. பழைய காகிதப் பேரேட்டில் ஒருவர் அடித்துத் திருத்தினால் அடிபட்ட எண்ணாவது கோட்டுக்குக் கீழே தெரியும். எங்களுடையது அதைவிட மோசமான பேரேடாக இருந்தது.

பயனர் செய்வதையெல்லாம் பதிவு செய்தாக வேண்டும் என்று அன்று மாலையே முடிவானது. எதைக் கொண்டு என்பதில்தான் மூவருக்கும் மூன்று விடை. ஒருவர், செயலிக்குள் பயனர் செய்வதை எண்ணித் தரும் கூகுளின் ஃபயர்பேஸ் என்றார். இன்னொருவர் அதே வேலையைச் சொந்த சர்வரில் செய்யும் மடோமோ என்றார். எனக்கோ திரையை அப்படியே படம்பிடிக்கும் கருவியின் மேல் ஆசை. ஒரு மாதம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தோம்.

எங்களைக் குழப்பியது கருவி அல்ல, எல்லாப் பதிவுக்கும் பொதுவாக நாங்கள் சொல்லும் "லாக்" என்ற ஒற்றைச் சொல். 18 எப்படி 13 ஆனது என்ற கேள்விக்கு வேண்டியது தணிக்கைப் பதிவு. அதில் ஒரு வரிகூட விடுபடக் கூடாது, யார் என்ற பெயர் இருக்க வேண்டும், பின்னால் எவரும் அதைத் திருத்த முடியக் கூடாது. பாக்கி வசூல் திரையைத் திறப்பவர்கள் ஏன் பாதியில் வெளியேறுகிறார்கள் என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு வேண்டியது நடத்தைப் பதிவு. பெயர் தேவையில்லை, பத்தில் ஒன்று தொலைந்தாலும் பாதகமில்லை, மூன்று மாதம் கழித்து அழித்துவிடலாம். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட நினைத்ததால்தான் எங்கள் முதல் வாரம் சண்டையிலேயே போனது.

ஃபயர்பேஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் யோசிக்காமலே அதில்தான் தொடங்குகின்றன. காசு இல்லை. எஸ்.டி.கே. எனும் ஆயத்த நிரல் தொகுப்பைச் செயலியில் சேர்த்த அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முதல் முறை திறந்தது, அமர்வு தொடங்கியது, திரை மாறியது, செயலியை நீக்கியது எல்லாம் நாம் ஒரு வரி எழுதாமலே தானாகப் பதிவாகின்றன. நாமாக எழுதும் நிகழ்வுகளுக்கு ஒரு செயலிக்கு 500 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் 25 கூடுதல் விவரங்கள் வரை இடம் உண்டு. எங்களுக்கு அதில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் நிகழ்வுகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மூட்டையாகப் போகின்றன, அறிக்கையாகச் சமைந்து வர ஒன்றிரண்டு நாள் ஆகும். நடத்தைப் பதிவுக்கு இது போதும்.

ஆனால் காசிமேட்டுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஃபயர்பேஸ் எண்ணுவது ஆட்களை அல்ல, கைபேசிகளை. இங்கே ஒரு கைபேசி மூன்று கைகளில் சுற்றும். இரவு அப்பா, காலையில் கணக்குப்பிள்ளை, பள்ளிக்குப் போகும் முன் மகன். அதே கணக்குப்பிள்ளை இரண்டு வியாபாரிகளுக்கு எழுதுவதும் உண்டு. "தினசரிப் பயனர்கள்" என்ற அந்த அழகான கோட்டுப் படம் எங்களைப் பொறுத்தவரை எதையும் சொல்லவில்லை. யார் என்று தெரிய உள்நுழையும் கைபேசி எண்ணையே அடையாளமாக அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அனுப்பக் கூடாது. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்புவதை கூகுளின் விதிமுறையே தடை செய்கிறது. போதாததற்கு, பயனர்கள் குறைவாக இருந்தால் தனியுரிமை கருதிச் சில வரிகளை அறிக்கையே மறைத்துவிடுவதும் உண்டு. லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலிக்கு அது உறைக்காது. நூற்றைம்பது பேருக்குச் செய்யும்போது உறைக்கும்.

அடுத்தது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மொத்தம் 61 நாட்கள். பைபர் படகுகள் கரையோரம் போய் வருவதால் செயலி முழுதும் தூங்குவதில்லை, ஆனாலும் பெரிய கணக்கு எல்லாம் நின்றுவிடும். ஃபயர்பேஸின் அறிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் பயனர் அளவிலான விவரத்தை வைத்திருக்கும் காலம், நாம் மாற்றாத வரை இரண்டு மாதம். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றலாம், ஆனால் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், ஜூன் நடுவில் படகுகள் திரும்பும்போது தடைக்கு முந்தைய பழக்கத்தோடு ஒப்பிட்டு ஆராய வேண்டிய தரவு போயிருக்கும். மொத்த எண்ணிக்கை அறிக்கைகள் மிஞ்சும், நுணுக்கமாகத் தோண்ட வழி இருக்காது. சரி, கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவரியில் இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், பணம் கட்டும் கணக்கை இணைக்காத இலவச நிலையில் அங்கே அட்டவணைகளின் ஆயுள் 60 நாள். தடைக்காலத்தைவிட ஒரே ஒரு நாள் குறைவு! யாரோ காசிமேட்டு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைச் சீண்டுவதற்கென்றே இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தது போலிருந்தது.

தணிக்கைப் பதிவுக்கு ஃபயர்பேஸ் உதவாது என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. தாமதமாக வரும், சில வேளை வராமலே போகும், பயனரோ கைபேசியோ தடுத்துவிடலாம். பணத்தகராறில் அப்படி ஒரு சாட்சியை நம்பி ஒருவரை நோக்கி விரல் நீட்ட முடியாது.

சொந்த சர்வரில் நிறுவும் திறமூலக் கருவிகளை, அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் கருவிகளை, ஆசையோடு பார்த்தோம். மடோமோ 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கியது, 2018இல் பெயர் மாறியது. பி.எச்.பி. நிரல்மொழியும் மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளமும் தெரிந்த எவரும் ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம். தரவு நம் கையிலேயே இருக்கும். பிறவியில் அது இணையதளத்துக்கான கருவி என்பது ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது. ஆண்ட்ராய்டுக்கு எஸ்.டி.கே. இருந்தும், ஒட்டுப்போட்ட சட்டை போலவே இருந்தது. போஸ்ட்ஹாக் நம் காலத்துக் கருவி, செயலிகளுக்குப் பொருத்தமானது. ஆனால் அதைச் சொந்தமாக ஓட்ட வேண்டுமானால் கிளிக்ஹவுஸ், காஃப்கா, ரெடிஸ் என்று துணை மென்பொருள்களின் ஒரு பட்டாளத்துக்கே சோறு போட வேண்டும். எங்கள் செயலி ஓடும் சர்வரைவிட அதைக் கண்காணிக்கும் சர்வர் பெரிதாக இருக்கும். எருமையைவிடக் கயிறு விலை கூடினால் யார் வாங்குவார்? பதினைந்து பேர் கொண்ட குழுவாக இருந்தால், அதில் ஒருவருக்கு சர்வர் பராமரிப்பே வேலையாக இருந்தால், நான் அதைத்தான் சொல்வேன்.

இனி என் ஆசைக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போன்ற கருவிகள் பயனரின் விரல் போன இடமெல்லாம் பதிவு செய்து, பின்னால் படம்போல ஓட்டிக் காட்டும். அதுவும் இலவசம்தான். சோதனைக் கைபேசியில் எங்களையே பதிவு செய்து பார்த்தபோது மயங்கித்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. அந்தரங்கத்தைக் காக்க எண்களையும் உள்ளீட்டுப் பெட்டிகளையும் அது இயல்பாகவே மறைத்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் செயலியில் எண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மறைத்தால் புள்ளிகள் ஊர்வதைத்தான் பார்க்கலாம். திறந்துவிட்டாலோ எந்தப் படகு மீனை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்ற, இந்தத் தொழிலின் மொத்த ரகசியத்தையும் நாங்கள் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கலாம். அதற்காக வியாபாரிகள் எங்களிடம் கணக்கைக் கொடுக்கவில்லை.

இந்த வகைக் கருவிகளின் கடந்த காலமும் தெம்பூட்டுவதாக இல்லை. தளங்களில் ஓடிய இத்தகைய நிரல்கள், அனுப்பு பொத்தானை அழுத்தும் முன்பே பயனர் தட்டெழுதியதைக் கடத்திக்கொண்டிருந்ததை 2017இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். கடவுச்சொற்களும் அதில் சிக்கியிருந்தன. 2019 பிப்ரவரியில், சொல்லாமல் திரையைப் பதிவு செய்த ஐபோன் செயலிகளுக்கு, வெளிப்படையாகத் தெரிவியுங்கள் அல்லது நீக்குங்கள் என்று ஆப்பிள் கெடு வைத்தது. என் ஆசையை அங்கேயே மூட்டை கட்டினேன்.

எஞ்சியது சொந்தமாக எழுதுவது. ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும், ஆனால் கணக்கைப் பாருங்கள். 150 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 நிகழ்வு என்று தாராளமாகவே வைத்தாலும் 30,000 வரிகள். வரிக்கு 300 பைட் என்றால் நாளைக்கு 9 மெகாபைட், 300 வேலை நாளுக்கு மூன்று ஜிகாபைட்டைத் தொடாது. இதற்கு எந்தப் பெரிய இயந்திரமும் வேண்டாம். நடத்தை அட்டவணையை மாதவாரியாகப் பிரித்து வைத்தால், பழைய மாதத்தை ஒரே கட்டளையில் தூக்கி எறியலாம். தணிக்கை அட்டவணையிலோ செயலியின் தரவுத்தளக் கணக்குக்குச் சேர்க்கும் உரிமை மட்டும்தான். திருத்தவும் அழிக்கவும் உரிமை இல்லை.

சொந்தமாக எழுதினால் தவறுகளும் சொந்தமாகவே வரும். நாங்கள் இரண்டு செய்தோம். சர்வர் நேரம் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் இருந்தது, நாள்வாரியாக எண்ணும் வினவலும் அதன்படியே எழுதப்பட்டிருந்தது. யு.டி.சி. நள்ளிரவு நமக்கு அதிகாலை 5.30. ஏலம் உச்சத்தில் இருக்கும் நேரம்! ஒரே ஏலத்தின் பாதி முந்தைய நாளிலும் மீதி மறுநாளிலும் விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் அறிக்கையில் சனியோடு கலந்திருந்ததைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டோம். அலுவலக நேரத்தில் இயங்கும் செயலி என்றால் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாமலே கிடந்திருக்கும்.

இரண்டாவது தவறு வெட்கப்பட வேண்டியது. பிழை கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று சர்வருக்கு வரும் கோரிக்கை முழுவதையும் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் கைபேசி எண்ணும் ஓ.டி.பி.யும் வரிசையாகத் திறந்த எழுத்தில் கிடக்கின்றன. பெரிய நிறுவனங்களும் இதே பள்ளத்தில் விழுந்தவைதான். 2018 மே மாதத்தில் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது, மறையாக்கத்துக்கு முன்பே கடவுச்சொற்கள் உள் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டதால். மறு ஆண்டு ஃபேஸ்புக்கும் அதே போன்ற ஒப்புதலைச் செய்தது. 2021 டிசம்பரில் உலகத்தை அலற வைத்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையோ பதிவு எழுதும் நூலகத்துக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். எது எழுதப்படலாம் என்று பட்டியலில் உள்ளதோ அது மட்டுமே எழுதப்படும். எதை மறைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது ஒரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் எழுதினோம்: கைபேசியில் விரல் பட்ட நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். கூடவே கைபேசி தரும் வரிசை எண்ணும், மறுபடி மறுபடி அனுப்பினாலும் ஒன்றாகவே எண்ணப்பட ஒரு தனி அடையாளமும். ஏல நேரத்தில் கூட்டத்தில் இணைப்பு திணறும், செயலி இணைப்பு இல்லாமலே கணக்கை வாங்கிக்கொண்டு பிறகு அனுப்பும். மூன்றாவது வாரம் இன்னொரு கணக்கு அதேபோல் மாறியது. இம்முறை அட்டவணை இருந்தது. முதல் எண் ஒரு கைபேசியில் 3.42க்கு எழுதப்பட்டது. 4.10க்கு வேறொரு கைபேசியில் சரியான எண் போடப்பட்டு உடனே சர்வருக்கும் வந்துவிட்டது. இணைப்பின்றிக் கிடந்த முதல் கைபேசி 8.15க்கு உயிர்பெற்று, தன் பழைய எண்ணை மேலே எழுதிவிட்டது. திருத்தியவர் கணக்குப்பிள்ளையும் இல்லை, மகனும் இல்லை. எங்கள் நிரல்தான். அந்த 18, 13 தகராறும் பெரும்பாலும் இதனால்தான் வந்திருக்கும். நேரில் போய்ச் சொன்னோம். வியாபாரி சிரித்தார், கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு மாதம் சந்தேகப் பார்வையைத் தாங்கியவர் அவர்தானே.

ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத ஐந்தாவது வழி ஒன்று உண்டு: போய்ப் பக்கத்தில் நிற்பது. நடத்தைப் பதிவில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடத்தில் நாற்பது வரிகள் குவிவதைப் பார்த்து, கைபேசிக்கும் சர்வருக்கும் இடையிலான ஒத்திசைவில் பிழை என்று ஒரு வாரம் நிரலைத் துருவினேன். மூன்று நாள் அதிகாலையில் ஏலக் கூடத்தில் நின்ற பிறகுதான் புரிந்தது. ஐஸும் உப்புத் தண்ணீரும் கலந்த கை, பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி. இந்த நிலையில் எத்தனை பேர் திரையைத் தொடுவார்கள்? நான் பார்த்த கணக்குப்பிள்ளை சட்டைப்பை நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். கை கழுவி, தேநீர் குடித்து, எட்டு மணிக்கு மொத்தத்தையும் செயலியில் ஏற்றுகிறார். நாற்பது வரியை ஒரே திரையில் அடுத்தடுத்துப் போடும் வசதியைச் செய்து கொடுத்தோம். மீன் வாங்க வந்த அக்கா ஒருவர், "நீங்கள் ஏலம் எடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை, எதற்கு நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எந்தக் கண்காணிப்புக் கருவியையும் அப்படி யாரும் கேட்பதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைப் பயனர் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ பெற வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம், ஆகவே தமிழில் கேட்பது நம் தயவு அல்ல. பாதுகாப்பில் அசட்டையாக இருந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடரவும் தடை உண்டு. பள்ளிக்குப் போகும் மகன் அப்பாவின் எண்ணில் நுழைந்து கணக்குப் போடுகிற ஊரில் இதைத் தாண்டிவிட்டுப் போக முடியாது. நடத்தைப் பதிவில் பெயரே வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுக்க இது ஒன்றே போதுமானதாக இருந்தது. மறுபக்கம், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. தரவுக்குள் யார் நுழைந்தார்கள் என்ற பதிவை ஓராண்டு வைக்கச் சொல்கின்றன புதிய விதிகள். ஆக, எல்லாவற்றையும் சீக்கிரம் அழித்துவிடுவதும் வழியில்லை.

நாங்கள் வந்து நின்ற இடம் இது. தணிக்கைப் பதிவு சொந்த அட்டவணையில், பெயரோடு, அழிக்க முடியாதபடி. நடத்தைப் பதிவும் சொந்த அட்டவணையில்தான், ஆனால் பெயரின்றி, விலையின்றி, பதினொரு நிகழ்வுகள் மட்டும், ஆயுள் ஆறு மாதம். மூன்று மாதம் போதும் என்று முதலில் நினைத்திருந்தோம், தடைக்காலம் அதை இரட்டிப்பாக்கிவிட்டது. செயலி முறிந்து விழுவதை அறிய மட்டும் ஆயத்தக் கருவி ஒன்று. அதை நாமே எழுதுவது வீண் வேலை. மாதத்தில் ஒரு நாள் அதிகாலையில் ஏலக் கூடம். உங்கள் செயலி இணையதளமாக இருந்து, பயனர் பல்லாயிரம் பேராக இருந்து, பணக்கணக்கு இல்லாததாக இருந்தால் நான் ஃபயர்பேஸையோ மடோமோவையோதான் சொல்வேன், இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

தணிக்கைப் பதிவை வியாபாரிகளே பார்க்கும்படி செயலியில் ஒரு திரையாகவும் வைத்துவிட்டோம். எந்த வரியை அழுத்தினாலும் அதன் பழைய எண்கள், மாற்றியவர், நேரம் எல்லாம் தெரியும். எதிர்பார்த்ததைவிட அதிகம் திறக்கப்படும் திரை அதுதான். இப்போது முதலில் அழைத்த அதே வியாபாரி புதிதாக ஒன்று கேட்கிறார்: யார் திருத்தினார் என்பது தெரிகிறது, யார் திறந்து பார்த்தார் என்பதும் தெரிய வேண்டும். கணக்குப்பிள்ளை கூடவே கூடாது என்கிறார். இருவருமே எங்கள் வாடிக்கையாளர்கள். அடுத்த வாரம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசப் போகிறோம்.